அக்காவின் பங்குகள் சரிந்த காலை

அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூடுதலாக மங்கிய வலது கண்ணில் எடுப்பதற்கு இரண்டு தடவை நாள் குறித்தார்கள். முதல் தடவை சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தோம். இரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, இறங்கின பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஒழுங்காக இருக்கும் அழுத்தம் ஆஸ்பத்திரி மணம் பட்டவுடன் ஏறிவிடும். பயம் என்று அக்கா ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டாள். "அந்த மெசினுக்குத்தான் என்னமோ கோளாறு" என்று ஓட்டோவில் வரும்போது சொன்னாள்.

அக்கா என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். கல்யாணம் செய்யவில்லை. சின்ன ஊர் ஒன்றின் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, பல ஊர்கள் மாறி, கடைசியில் தபாலதிபராக ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்கு என்பது வழக்கம். பழுகாமத்தில் இருக்கும் எங்கள் தாய்வீட்டில் அவளுக்கும் பாதி இருந்தது. எனக்குக் கல்யாணம் சரிவந்தபோது, ஒருவரும் கேட்காமலே அந்தப் பாதியையும் என் பெயருக்கு எழுதிவிட்டாள். "எனக்கு ஒரு அறை போதும்" என்றாள். அந்த அறையில்தான் இன்றும் இருக்கிறாள். என் பிள்ளைகள் நடை பழகியதும் அந்த அறையில்தான்.

ஓய்வு பெற்ற வருடம், கூட வேலை செய்த ஒருவரோடு மட்டக்களப்பு நகரில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனாள். பங்குச் சந்தை பற்றிய கூட்டம். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ஒரு மாதம் கழித்து, ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஒரு பிஸ்கட் கொம்பனியின் பங்குகளை வாங்கினாள். ஏன் அந்தக் கொம்பனி என்று கேட்டேன். "எந்த ஊர்க் கந்தோருக்கு மாத்தினாலும் தேத்தண்ணியோட அந்த பிஸ்கட் இரிக்கும்கா. நான் போற இடமெல்லாம் வந்த கொம்பனி" என்றாள். வயது பார்க்காமல் பேச்சோடு 'கா' சேர்ப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம்.

என் கணவருக்கு அது லொத்தர்ச் சீட்டு மாதிரித்தான் தெரிந்தது. அவர் வயல் செய்யும் கமக்காரர். கையால் தொட முடியாத ஒன்றில் காசு போடுவது அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, சந்தை திறக்கிற நேரத்துக்குக் கைப்பேசியோடு யன்னலடியில் உட்கார்ந்துவிடுவாள். கண்ணில் புரை கூடக் கூடக் கைப்பேசி முகத்துக்குக் கிட்டக் கிட்ட வந்தது. பங்கிலாபம் முதல் தடவை கிடைத்தபோது தனக்கு ஒரு பச்சைச் சேலை வாங்கினாள். எனக்கும் பிள்ளைகளுக்கும் வாங்காமல் தனக்கு மட்டும் அவள் ஒரு பொருள் வாங்கி நான் கண்டது அதுதான் முதல் தடவை. "இது என்ட கொம்பனி தந்தது" என்று சொல்லிக் கட்டிக் காட்டினாள். என்ட என்ற அந்தச் சொல் அவள் வாயில் புதிதாக இருந்தது.

இரண்டாவது தடவையும், நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலையில் லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். பட்டிருப்புப் பாலத்தில் ஓட்டோ ஏறியபோதே அக்கா கைப்பேசியை என் மடியில் வைத்தாள்.

"உள்ளுக்கு இதைக் கொண்டு போக விடமாட்டாங்க. நீ வெச்சிரு. சந்தை திறந்தாப்போல ஒருக்கா விலையப் பாத்து வை. நான் வெளிய வந்த உடனே சொல்லோணும்."

"வேற ஒண்டும் செய்யத் தேவல்லயா?"

"வேற என்ன செய்யக் கிடக்கு? பாத்தாப் போதும்."

எந்த இடத்தைத் தொட்டால் விலை வரும், எந்த இடத்தைத் தொட்டால் விற்பது வாங்குவது வரும் என்றெல்லாம் காட்டித் தந்தாள். இரகசிய எண் அவள் கடைசியாக வேலை செய்த கந்தோரின் தபால் குறியீடு.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கூட வந்தவர்களுக்கு வெளியே ஒரு நீளமான மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள். பின்பக்கப் படியில் நின்றால் வாவி தெரியும். நான் சந்தை திறக்கிற நேரம் பார்த்துக் கைப்பேசியை எடுத்தேன்.

அக்கா பார்க்கும்போது அந்தத் திரையில் பச்சையும் சிவப்பும் கலந்துதான் இருக்கும். அன்று மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. நான்தான் பிழையான இடத்தைத் தொட்டுவிட்டேன் என்று மூடித் திரும்பத் திறந்தேன். பிஸ்கட் கொம்பனியின் விலை முதல்நாள் இருந்ததைவிட நன்றாகக் கீழே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது.

"தங்கச்சியும் ஷெயார் போட்டிருக்கீங்களா?"

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் கேட்டார். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருப்பவர், தாயின் கண்ணுக்காக வந்திருக்கிறார் என்று பிறகு சொன்னார். அவர் கையிலும் அதே மாதிரித் திரை, அதே சிவப்பு. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"எனக்கில்ல நானா. அக்காட. என்ன நடந்த?"

"வெளிநாட்டுல என்னமோ பிரச்சினையாம். ராவு எல்லா நாட்டுச் சந்தையும் விழுந்திட்டு. இஞ்ச இண்டைக்கு அடி." அவர் பேசிக்கொண்டே விரலால் எதையோ தொட்டார். "நான் எல்லாத்தையும் வித்துட்டன். இன்னும் விழும். அக்காக்குப் போன் அடிச்சிக் கேளுங்க, விக்கச் சொல்லுவா."

"அக்கா உள்ளுக்கு இரிக்கா."

அவர் கூடத்தின் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம்தான் கதவு திறந்து, தாதி ஒருத்தி அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கைப்பேசியோடு எழும்பி ஓடினேன். ஒன்றுமில்லை, அக்கா தோடு கழற்ற மறந்துவிட்டாளாம். வந்து வாங்கிக்கொண்டு போகட்டாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா பச்சைத் தொப்பியும் பச்சை உடுப்புமாக ஒரு கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலைமயிர் முழுக்கத் தொப்பிக்குள் போனதால் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. கையில் அழுத்தம் பார்க்கிற பட்டி சுற்றியிருந்தது. தோட்டின் சுரை இறுகிப்போயிருந்தது. நான் குனிந்து கழற்றும்போது என் காதோடு கேட்டாள்.

"எப்பிடிக் கிடக்கு?"

தாதி அழுத்தமானியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இன்றும் ஏறினால் இன்னொரு மாதம் போய்விடும். அந்தக் கண்ணால் அக்கா இப்போதே படியில் தடுக்கி விழுகிறாள்.

"நல்லாக் கிடக்கு. நேத்தயவிடக் கொஞ்சம் கூட" என்றேன்.

"சரி" என்றாள் அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள்.

தாதி பட்டியில் காற்றடித்துப் பார்த்தாள். "பரவால்ல, இண்டைக்குச் செய்யலாம் அம்மா" என்றாள். நான் தோடுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்து பார்த்தபோது சந்தையையே நிறுத்தியிருந்தார்கள். அப்படி ஒன்று உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சி விழுந்தால் அரை மணித்தியாலம் எல்லா வியாபாரத்தையும் நிறுத்திவைப்பார்களாம். "ஆக்கள் மூச்சு விடட்டும் எண்டுதான்" என்று புடவைக்கடைக்காரர் விளக்கினார். எனக்கு அந்த அரை மணித்தியாலம் மூச்சு முட்டுவதற்குத்தான் உதவியது.

கணவருக்கு அழைத்தேன். வயல் வட்டையில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மெசின் சத்தத்துக்கு மேலால் கத்தினார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் மெசினை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"வில்லு" என்றார்.

"அவட்டக் கேக்காமலா?"

"வெள்ளம் வருகுதெண்டா விளைஞ்சது, விளையாதது பாத்தா வெட்டுற? கையில வாறத எடுத்திட்டு மறுகா யோசிக்கிற. அவ வந்தா நான் சொல்லிக்கிறன்."

கையால் தொட முடியாதது என்று சொன்ன மனிதர், அக்காவின் காசுக்காக இவ்வளவு பதறுவார் என்று நான் நினைக்கவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அவ ஒரு சேலதானே அதால வாங்கின, பாவம்" என்றார்.

நான் பின்படியில் போய் நின்றேன். வாவியில் ஒருவர் தோணியை அசைக்காமல் வைத்துக்கொண்டு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே யோசனைதான். விற்றால், மிச்சம் இருப்பதாவது இருக்கும். அக்கா கண்ணைக் கட்டிக்கொண்டு வெளியே வரும்போது பாதி போய்விட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவள் வந்து, "விலை எப்படி?" என்று கேட்க, "விலை கிடக்கட்டும், இனி உன்னிடம் பங்கே இல்லை" என்று நான் சொல்ல வேண்டும். காலையில் எழும்பி யன்னலடிக்குப் போக அவளுக்கு ஒரு காரணம் இருக்காது.

விற்காமல் விட்டு எல்லாம் போய்விட்டால்? ஒன்றும் செய்யாமல் இருந்தாலும், அதையும் நான்தான் செய்தவள் ஆவேன்.

புடவைக்கடைக்காரர் மீன் வைத்துச் சுட்ட மாலுப்பணிஸ் இரண்டு வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். சாப்பிட ஏலாது என்றேன். "சாப்பிடுங்க தங்கச்சி, வெறும் வயித்துல ஒரு முடிவும் எடுக்க ஒண்ணா" என்றார். சாப்பிட்டோம். தன் தாய் முப்பது வருடமாக ஒரே கண்ணால் தைத்துத்தான் தங்களை வளர்த்தார் என்று சொன்னார். தான் விற்றது சரியா பிழையா என்று தெரியாது, ஆனால் கடைக்குச் சரக்கு எடுக்கவேண்டிய காசு அது, போனால் கடை போய்விடும் என்றார். அக்காவின் காசு எதற்காக என்று கேட்டார்.

"சும்மா" என்றேன். "அவட ஆசைக்கு."

"அப்ப அது வேற" என்றார் அவர். அதற்கு மேல் விற்கச் சொல்லவில்லை.

சந்தை திறந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு மறுபடியும் இறங்கத் தொடங்கியது. எனக்குத் தாங்கவில்லை. அக்கா காட்டித் தந்த இடத்தைத் தொட்டேன். எல்லாப் பங்குகளையும், அந்த நிமிடம் திரையில் தெரிந்த விலைக்கு விற்பதாகப் போட்டேன். உறுதியா என்று கேட்டது. ஓம் என்று தொட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் தட்டி முடிக்கிற நேரத்துக்குள் விலை அதற்குக் கீழே போய்விட்டது. நான் கேட்ட விலைக்கு வாங்க ஆளில்லை. நான் போட்ட விற்பனை ஓடர் திரையில் தனியே தொங்கிக்கொண்டு நின்றது. இன்னும் குறைத்துப் போடுங்கள், போய்விடும் என்று புடவைக்கடைக்காரர் சொல்லவில்லை. ஆனால் அதுதான் வழி என்று எனக்கும் விளங்கியது.

குறைக்கப் போன விரல் அப்படியே நின்றது. என் கல்யாணத்துக்கு வீட்டை எழுதித் தந்த நாளைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. அன்று பத்திரம் எழுதிய பிரசித்த நொத்தாரிசு அக்காவிடம், "தங்கச்சி நிர்ப்பந்திச்சாவா பிள்ள?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டு, "அவக்கு நான் எழுதுறதே இன்னும் தெரியாது" என்றாள். தன்னுடையதைக் கொடுக்கிறபோதுகூட அது தன் கையால் நடக்க வேண்டும் என்று இருந்தவள் அவள். இதுவும் அவள் கையாலேயே போகட்டும், அல்லது நிற்கட்டும் என்று எனக்குப் பட்டது. அதைப் பெரிய தெளிவோடு நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். கை வியர்த்து, திரை சரியாகத் தொடுபடவும் இல்லை. சேலையில் துடைத்துவிட்டு, தொங்கிய ஓடரை இரத்துச் செய்தேன். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அக்காவை வெளியே கொண்டுவந்தபோது கண்ணில் பெரிய வெள்ளைக் கட்டு. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விலை என்ன என்று கேட்கவில்லை. பாலத்தால் வரும்போதும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, கட்டிலில் சாய்ந்த பிறகுதான் என் கையைப் பிடித்தாள்.

"இப்பச் சொல்லு. எவ்வளவு விழுந்த?"

நான் திடுக்கிட்டுப் போனேன். "விழுந்ததெண்டு ஆர் சொன்ன?"

"நீதான். நல்லாக் கிடக்கு எண்டு சொன்னாயே, அப்பவே." சிரித்தாள். கட்டுப் போட்ட கண் நோகும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். "தந்தி வந்த காலத்துல எத்தின பேருக்கு நான் அப்பிடிச் சொல்லியிருப்பன். முதல்ல இரிங்க, தண்ணி குடியுங்க, ஒண்டுமில்ல எண்டு. அந்தக் குரல் எனக்குத் தெரியாதாகா?"

"தெரிஞ்சும் ஏன் திரும்பக் கேக்கல்ல?"

"கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பாய். சொன்னா பிரசர் ஏறும். எனக்குக் கண்ணும் வேணுமே."

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடர் போட்டது, தொங்கியது, எடுத்தது, எதையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்ததில் தெரிந்த இன்னொன்றையும் சொன்னேன். நான் இரத்துச் செய்த பிறகு விலை ஒருதரம் மேலே வந்து, நான் கேட்ட இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி விழுந்திருக்கிறது. கொஞ்ச நேரம் விட்டிருந்தால் விற்றுப் போயிருக்கும். சந்தை மூடும்போது அதைவிட எவ்வளவோ கீழே.

முற்றத்தில் கணவர் வந்து நின்றார். உள்ளே வராமல் யன்னலால் எட்டிப் பார்த்தார். விற்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வித்திருந்தாலும் நான் ஏசியிருக்கமாட்டன்" என்றாள் அக்கா. "விக்காததுக்கும் ஏசல்ல. உன்னைத் தனிய அதுக்குள்ள விட்டிட்டுப் போனதுதான் எனக்குக் கவலை. காலையில சாப்பிட்டயா?"

"உம்மாட கண்ணுக்கு வந்த ஒரு நானா மாலுப்பணிஸ் தந்தார்."

"அவர் நல்லா இரிக்கட்டும். அவர்ட உம்மாக்குச் சரியா?"

சரி என்றேன். அவள் தூங்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். வைத்தியர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார், சரியாகச் சொன்னாள். வெளியே வந்து மண்டபத்தில் உட்கார்ந்தவுடன் கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன். தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்; இத்தனை நாள் மூக்கில் முட்டிப் பார்த்தவள். அன்றும் சந்தை விழுந்துகொண்டுதான் இருந்தது.

"இஞ்சப் பாரன்" என்றாள், மெதுவாக. "இதுதானா சிவப்பு? நான் இவ்வளவு நாளும் மண்நிறம் எண்டெல்லோ நினைச்சிருந்தன். என்ன வடிவு!"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. காசு கரைந்துகொண்டிருக்கிற நிறத்தைப் பார்த்து ஒருத்தி அழகு என்று சொல்வதை வேறு எங்கே காணலாம்?

அடுத்த கிழமைகளில் இன்னும் கொஞ்சம் இறங்கி, நெடுநாள் கீழேயே கிடந்து, பிறகு மெல்ல மெல்ல ஏறியது. பழைய இடத்துக்கு முழுக்க வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை. அக்கா ஒன்றையும் விற்கவில்லை. ஆனால் அந்த வருடம் கொம்பனி தன் பங்குதாரர் கூட்டத்துக்கு அழைத்தபோது, போகத்தான் வேண்டும் என்று நின்றாள். முதல்நாள் இரவு ரயிலில் இரண்டு பேரும் கொழும்புக்குப் போனோம். பச்சைச் சேலை கட்டியிருந்தாள்.

குளிரூட்டிய பெரிய மண்டபம். கோட்டுப் போட்டவர்கள் மேடையில் வரிசையாக இருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஓரத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். அக்கா கையைத் தூக்கினாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன், அவள் கணக்கெடுக்கவில்லை. கந்தோரில் பழகிய சிங்களத்தில் நிதானமாகக் கேட்டாள்: அன்றைக்கு விலை அப்படி விழுந்தபோது நீங்கள் பயந்தீர்களா?

சபையில் சின்னச் சிரிப்பு எழுந்தது. தலைவர், கொம்பனியின் அத்திவாரம் உறுதியானது என்று தொடங்கி ஏதோ சொன்னார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச்சை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, "பயந்தேன் அம்மா. அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள்.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஏன் அப்படிக் கேட்டாய் என்று கேட்டேன். "எனக்கு வேற ஒண்டும் தெரியத் தேவல்லகா" என்றாள். "நாம மட்டும்தான் பயந்தமோ எண்டு பாத்தன்."

திரும்பி வரும்போது ரயிலில் யன்னல் பக்கத்தை எனக்குத் தரமாட்டேன் என்றாள். மன்னம்பிட்டி தாண்டியதும் கொக்குகள் இறங்கிய வயல்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள், நான் காணாதவை மாதிரி. நானும் காணாதவள் மாதிரியே பார்த்துக்கொண்டு வந்தேன்.